அச்சில் உறைந்த கட்டுரைகள்: கலைக்களஞ்சியத் தொகுப்பு நூல் ஒன்று ஆய்வேட்டுக்குள் வந்த நிகழ்வு

இந்த நிகழ்வு ஒரு கல்லூரி நூலகத்திலும் அதே கல்லூரியின் ஆய்வுத் துறையிலும் நடந்தது. மாணவி, நெறியாளர், நூலகப் பணியாளர்கள், பதிப்பகம், விற்பனையாளர், கட்டுரைகள் எடுக்கப்பட்ட இணையக் கலைக்களஞ்சியம் என எதற்கும் இங்கே பெயர் தரவில்லை. நான் நூலகத்தின் பட்டியலிடும் பிரிவில் வேலை செய்கிறேன். நூல் வாங்கப்பட்டதிலிருந்து கடைசி முடிவு வரை எல்லாம் எங்கள் பிரிவின் வழியாகவே நடந்ததால் விவரங்களை நேரடியாக அறிவேன். இதே மாதிரி நூல்கள் பல நூலகங்களின் அலமாரிகளில் அடையாளம் தெரியாமல் நிற்கின்றன. இதைப் பதிவு செய்வதற்கு அதுதான் காரணம்.

பின்னணி

கலங்கரை விளக்கங்களின் தொழில்நுட்ப வரலாற்றை ஆய்வு செய்துவந்த மாணவி ஒருவர், ஆங்கில நூல் ஒன்றை வாங்கித் தரும்படி நூலகத்துக்கு விண்ணப்பம் கொடுத்தார். தலைப்பில் கலங்கரை விளக்கம், லென்ஸ், எண்ணெய் விளக்கு, கடல்வழி என்று நான்கைந்து சொற்கள் காற்புள்ளி போட்டு அடுக்கப்பட்டிருந்தன. தொகுப்பாசிரியர்களாக மூன்று பேரின் பெயர்கள் இருந்தன. நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இருந்தது. இணையக் கடையின் பக்கத்தில் நூலைப் பற்றி ஒரு பத்தி விவரமும் இருந்தது. அந்தத் துறையில் அச்சு நூல்கள் குறைவு, நெறியாளரும் கையெழுத்திட்டிருந்தார், ஆகவே விண்ணப்பம் வழக்கமான வழியில் போய் நூல் வந்து சேர்ந்தது.

இந்த வகை நூல்கள் எப்படி உருவாகின்றன என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. 2001-இல் தொடங்கிய விக்கிப்பீடியா போன்ற கட்டற்ற கலைக்களஞ்சியங்களின் உரையை யார் வேண்டுமானாலும் எடுத்து அச்சிடலாம், விற்கலாம், லாபமும் பார்க்கலாம். விக்கிப்பீடியாவின் உரை 2009 ஜூன் வரை குனூ கட்டற்ற ஆவண உரிமத்தில் இருந்தது. அப்புறம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் 3.0 பதிப்புக்கும், 2023 ஜூனில் 4.0 பதிப்புக்கும் மாறியது. நிபந்தனைகள் எளிமையானவை. எழுதியவர்களுக்கு உரிய பெயர்க் குறிப்பு தர வேண்டும், அல்லது கட்டுரையின் முகவரியைத் தர வேண்டும். மாற்றம் செய்திருந்தால் அதைச் சொல்ல வேண்டும். வெளியிடுவதும் அதே உரிமத்தில் இருக்க வேண்டும்.

இதோடு பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறையும் சேர்ந்துகொண்டது. யாராவது பணம் கட்டிய பிறகுதான் ஒரு பிரதி அச்சாகும். கிடங்கு வேண்டாம், முதலீடு வேண்டாம். ஒரு கணினி நிரல் கட்டுரைகளைச் சேர்த்து, தலைப்பும் அட்டையும் போட்டு, கடைப் பட்டியலில் ஏற்றிவிட்டால் போதும். வாங்க ஆள் வரும்வரை அந்த நூல் பட்டியலில் ஒரு வரியாக மட்டுமே இருக்கும். அதனால்தான் எந்த மனித ஆசிரியர் குழுவும் எழுதவே முடியாத எண்ணிக்கையில் தலைப்புகளை ஒரே பதிப்பகத்தால் வெளியிட முடிகிறது.

எல்லாத் தொகுப்பும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. 2008-இல் ஜெர்மன் விக்கிப்பீடியாவை வைத்து பெர்டெல்ஸ்மான் குழுமம் ஒரே தொகுதியாக ஒரு கலைக்களஞ்சியம் வெளியிட்டது. அது எங்கிருந்து வந்தது என்பது தலைப்பிலேயே தெரியும். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையோடு சேர்ந்து இயங்கிய பீடியாபிரஸ் நிறுவனம், வாசகர் தாமே தேர்ந்தெடுத்த கட்டுரைகளை நூலாக்கித் தந்தது. அந்த நூல்களின் கடைசியில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பங்களித்தவர்கள் யார், படங்களுக்கு என்ன உரிமம் என்ற பட்டியல் இருக்கும். இரண்டிலும் வாசகர் எதை வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்கினார். எங்கள் மாணவிக்கு அது தெரிந்திருக்கவில்லை.

சந்தேகம் எழுந்த இடம்

மாணவி தன் ஆய்வேட்டின் இரண்டாம் இயலை நெறியாளரிடம் கொடுத்தார். அதில் ஒரு கலங்கரை விளக்கத்தைப் பற்றி, விளக்கு கடல் மட்டத்திலிருந்து 36 மீட்டர் உயரத்தில் உள்ளது, அதன் ஒளி கப்பலின் மேல்தளத்தில் நிற்பவருக்கு 30 கடல் மைல் தொலைவிலிருந்தே தெரியும் என்று எழுதியிருந்தார். அடிக்குறிப்பில் மேலே சொன்ன நூலும் பக்க எண்ணும் இருந்தன.

நெறியாளர் அந்த வரியில் நின்றுவிட்டார். பூமி வளைந்திருப்பதால் விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் ஒரு தொலைவுக்கு அப்பால் அது அடிவானத்துக்குக் கீழே போய்விடும். மாலுமிகள் இதற்கு வைத்திருக்கும் கணக்கு சுலபமானது. விளக்கின் உயரத்தையும் பார்ப்பவரின் கண் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, இரண்டின் வர்க்கமூலங்களையும் கூட்டி, 2.08-ஆல் பெருக்கினால் தொலைவு கடல் மைலில் கிடைக்கும். 36-க்கு வர்க்கமூலம் 6. கண் உயரம் 4 மீட்டர் என்றால் அதற்கு 2. கூட்டினால் 8. பெருக்கினால் ஏறத்தாழ 16.6 கடல் மைல். 30 கடல் மைலிலிருந்து அந்த விளக்கைப் பார்க்க வேண்டுமானால் பார்ப்பவரின் கண் சுமார் 70 மீட்டர் உயரத்தில் இருந்தாக வேண்டும். விளக்கின் வெளிச்சம் மேகத்தில் பட்டுத் தெரியும் மங்கலான ஒளி இன்னும் தூரத்திலிருந்து தெரியலாம். ஆனால் நூல் அதைச் சொல்லவில்லை.

“மேடம், புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கு. அச்சுப் புத்தகம்தானே, ஐஎஸ்பிஎன்கூட இருக்கு” என்றார் மாணவி. இதில் அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. இணையத்தில் படிப்பதை அப்படியே மேற்கோள் காட்டாதே, அச்சான நூலைத் தேடு என்றுதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அவர் அதைத்தான் செய்தார்.

நெறியாளர் அந்த நூலோடு நூலகத்துக்கு வந்தார்.

நூலில் கண்டவை

நூலைப் பிரித்த முதல் சில நிமிடங்களிலேயே சில விஷயங்கள் கண்ணில் பட்டன. வாக்கியங்களின் நடுவே சில சொற்கள் மட்டும் மற்றவற்றைவிட வெளிறிய சாம்பல் நிறத்தில் இருந்தன. இணையப் பக்கத்தில் நீல நிறத்தில் இருந்த இணைப்புகள் கறுப்பு வெள்ளை அச்சில் அப்படி ஆகியிருக்கின்றன. இரண்டு இடங்களில் ‘முதன்மைக் கட்டுரையைப் பார்க்க’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தது, ஆனால் அப்படி ஒரு கட்டுரை நூலில் இல்லை. ஒரு பத்தியின் முடிவில் சதுர அடைப்புக்குள் ‘சான்று தேவை’ என்று பொருள்படும் குறிப்பே அச்சாகியிருந்தது. படங்கள் போய்விட்டன, படவிளக்கங்கள் மட்டும் அந்தரத்தில் நின்றன.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தவை மேற்கோள் எண்கள். உரை நெடுகிலும் 1, 2, 3 என்று எண்கள் இருந்தன. கட்டுரையின் முடிவில் அவற்றுக்கான பட்டியல் இல்லை. மூலக் கட்டுரையை எழுதியவர்கள் ஒவ்வொரு தகவலுக்கும் எங்கிருந்து எடுத்தோம் என்று காட்டியிருந்தார்கள், நூலாக்கிய நிரல் அதை உதறிவிட்டு எண்களை மட்டும் விட்டுவைத்திருந்தது. வாசகருக்கு அந்த எண்கள் ஒரு கனத்தைத் தருகின்றன, பின்னால் போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை.

கட்டுரைகளின் வரிசையும் சந்தேகத்தை உறுதி செய்தது. முதலில் கலங்கரை விளக்கம், அடுத்து விளக்கின் ஒளியைக் குவிக்கும் பிரெனெல் லென்ஸ், அடுத்து 1784-இல் காப்புரிமை பெற்ற ஆர்கண்ட் எண்ணெய் விளக்கு. இதுவரை சரி. அப்புறம் அசிட்டிலீன் வாயு, அதற்கு அடுத்ததாக கலங்கரை விளக்கம் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு ராக் இசைக்குழுவின் வரலாறு. தொகுப்பாசிரியர் என்று ஒருவர் உண்மையிலேயே பொருளடக்கத்தை ஒரு தடவை படித்திருந்தால் அந்தக் கட்டுரை அங்கே இருந்திருக்காது. தலைப்புச் சொல்லையும் இணைப்புகளையும் பின்பற்றி ஒரு நிரல் சேகரித்த பட்டியல் அது.

கடைசிப் பக்கத்தில், மிகச் சிறிய எழுத்தில், உள்ளடக்கம் இணையக் கலைக்களஞ்சியத்திலிருந்து எடுக்கப்பட்டது என்ற வரியும், கட்டுரைகளின் முகவரிகளும், உரிமத்தின் பெயரும் இருந்தன. கடையின் விற்பனைப் பக்கத்தில் இது எதுவுமே இல்லை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் சரிபார்த்த தகவல்களில் பெரும்பாலானவை சரியாகவே இருந்தன. ஸ்மீட்டன் இங்கிலாந்தில் கட்டிய எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தில் 1759-இல் விளக்கேற்றப்பட்டது, பிரெனெலின் லென்ஸ் 1823-இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதலில் பொருத்தப்பட்டது, சூரிய ஒளி வந்ததும் விளக்கைத் தானே அணைக்கும் வால்வைக் கண்டுபிடித்த குஸ்தாஃப் டாலென் 1912-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார் என்பதெல்லாம் நூலில் பிழையில்லாமல் இருந்தன. இத்தனை சரியான தகவல்களுக்கு நடுவில் இருந்ததால்தான் அந்த ஒரு எண்ணை மாணவி சந்தேகிக்கவில்லை.

பக்க வரலாற்றில் கண்டவை

கட்டற்ற கலைக்களஞ்சியங்களில் ஒவ்வொரு கட்டுரைக்கும் திருத்த வரலாறு உண்டு. யார், எப்போது, எந்தச் சொல்லை மாற்றினார் என்பது முழுக்க அங்கே இருக்கும். பழைய பதிப்பு எதையும் திறந்து படிக்கலாம், இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்து ஒப்பிடலாம். அந்தக் கலங்கரை விளக்கம் பற்றிய கட்டுரையை எடுத்துக்கொண்டு நெறியாளரும் நானும் பின்னோக்கிப் போனோம்.

ஆரம்பப் பதிப்பில் ‘30 கிலோமீட்டர்’ என்று இருந்தது. 30 கிலோமீட்டர் என்றால் 16.2 கடல் மைல். நெறியாளரின் கணக்கோடு அது ஒத்துப்போகிறது. பின்னால் வந்த ஒருவர், கடல் சார்ந்த கட்டுரையில் கடல் மைல்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தோ என்னவோ, அலகை மட்டும் மாற்றிவிட்டு எண்ணை அப்படியே விட்டிருந்தார். சில காலம் கழித்து வேறொரு தன்னார்வலர் அதைக் கண்டுபிடித்து, காரணத்தையும் எழுதி, திருத்தினார். நூலில் உள்ள உரையைச் சொல் சொல்லாக ஒப்பிட்டபோது, அது இந்த இரண்டு திருத்தங்களுக்கும் நடுவில் இருந்த ஒரு பதிப்பு என்பது தெளிவாகிவிட்டது. தவறு உயிரோடு இருந்த அந்த இடைவெளியில் நிரல் வந்து கட்டுரையை அள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

அதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். வரலாற்றில் இன்னும் மேலே வந்தபோது, திருத்தப்பட்ட எண்ணை யாரோ மறுபடியும் ‘30 கடல் மைல்’ என்று மாற்றியிருப்பதைக் கண்டோம். இந்த முறை சான்றும் இணைத்திருந்தார். சான்று, எங்கள் கையில் இருந்த அதே நூல், அதே பக்கம்.

கலைக்களஞ்சியத்தின் பழைய தவறு நூலுக்குப் போய், நூலிலிருந்து சான்றாக உருமாறி, கலைக்களஞ்சியத்துக்கே திரும்பி வந்துவிட்டது. ஊதியம் எதுவும் வாங்காமல், உட்கார்ந்து கணக்குப் போட்டு ஒரு தவறைத் திருத்திய அந்தத் தன்னார்வலரின் உழைப்பு ஒரு வரியில் அடிபட்டுப் போயிற்று. அவரிடம் இருந்தது வெறும் வாதம், எதிர்ப்பக்கம் இருந்தது அச்சு நூல். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் வலித்தது இந்த இடம்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நூலகக் குழுவில் மூன்று கருத்துகள் வந்தன. இது காப்புரிமைத் திருட்டு, புகார் கொடுக்க வேண்டும் என்றார் ஒருவர். உரிமம் வணிக வெளியீட்டை அனுமதிக்கிறது, மூலத்தின் முகவரியும் உரிமத்தின் பெயரும் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன என்பதால் அந்தப் புகார் நிற்காது. சட்டப்படி குற்றம் இல்லாத ஒன்றைத் திருட்டு என்று எழுதினால் நம் சொல்லுக்குத்தான் மதிப்புக் குறையும். மாற்றங்களைக் குறிப்பிடவில்லை என்று ஒரு குறையைச் சொல்லலாம். ஆனால் அதைக் கேட்க வேண்டியவர்கள் கட்டுரைகளை எழுதியவர்கள், நூலகம் இல்லை.

நூலைச் சேகரிப்பிலிருந்தே நீக்கிவிடலாம் என்பது இரண்டாவது கருத்து. பெரும்பாலோர் இந்தப் பக்கம்தான் சாய்ந்தார்கள். நான் இதை எதிர்த்தேன். இந்த நூலை மேற்கோள் காட்டும் கட்டுரைகளும் ஆய்வேடுகளும் ஏற்கெனவே இருக்கலாம். நாளைக்கு ஒருவர் அந்த மேற்கோளைத் தேடிக்கொண்டு நம் பட்டியலுக்கு வந்தால், அங்கே ஒன்றுமே இல்லாமல் இருப்பதைவிட, அந்த நூல் என்ன என்பதை உள்ளபடி சொல்லும் பதிவு இருப்பது அவருக்கு உதவும்.

கடைசியில் எடுத்த முடிவு இதுதான். நூல் திறந்த அலமாரியிலிருந்து எடுக்கப்பட்டு, கேட்டால் மட்டும் தரப்படும் பகுதிக்குப் போனது. பட்டியல் பதிவில் ஒரு குறிப்பு சேர்த்தோம்: ‘இணையக் கலைக்களஞ்சியக் கட்டுரைகளின் தானியங்கித் தொகுப்பு. மூலக் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியல்கள் நீக்கப்பட்டுள்ளன. உரை பழைய பதிப்பைச் சேர்ந்தது.’ தொகுப்பாசிரியர் பெயர்களை நாங்கள் அழிக்கவில்லை, நூலின் மேல் என்ன அச்சாகியிருக்கிறதோ அதைப் பதிவதுதான் பட்டியலின் வேலை.

மாணவி தன் இயலில் அந்த நூலைக் காட்டிய எல்லா இடங்களையும் பிரித்து எடுத்தார். ஒவ்வொரு தகவலுக்கும் இணையக் கட்டுரையின் இன்றைய பதிப்பைத் திறந்து, அதன் அடிக்குறிப்பு எந்த மூலத்தைக் காட்டுகிறதோ அதைத் தேடிப் படித்து, அந்த மூலத்தையே மேற்கோள் காட்டினார். ஒளி தெரியும் தொலைவு சம்பந்தப்பட்ட எண்களுக்கு, கடலோர நாடுகளின் நீரளவியல் அமைப்புகள் மாலுமிகளுக்காக வெளியிடும் விளக்குப் பட்டியல்களுக்குப் போனார். விளக்கின் உயரம், நிறம், மின்னும் கால இடைவெளி, தெரியும் தொலைவு எல்லாம் அவற்றில் இருக்கும். மூலம் கிடைக்காத தகவல்களை நெறியாளர் தயங்காமல் வெட்டச் சொன்னார்.

கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் நெறியாளர் ஒரு குறிப்பு எழுதினார். கணக்கு, பழைய பதிப்புகளின் நிலையான இணைப்புகள், நூலின் கடைசிப் பக்கத்தில் உள்ள ஒப்புதல் ஆகிய மூன்றையும் அதில் வைத்தார். எண்ணைத் தானே மாற்றிவிடலாம்தான். ஆனால் காரணம் எழுதி வைக்காமல் மாற்றினால், அடுத்து வருபவர் அதே நூலைக் காட்டி மறுபடியும் மாற்றுவார்.

பின்விளைவுகள்

உரையாடல் பக்கத்தில் மற்ற பங்களிப்பாளர்கள் விரைவாகவே ஒத்துக்கொண்டார்கள். எண் திருத்தப்பட்டது, சான்றாக இருந்த நூல் நீக்கப்பட்டு விளக்குப் பட்டியல் வைக்கப்பட்டது. தன்னிடமிருந்தே நகலெடுத்த நூலைக் கலைக்களஞ்சியம் சான்றாக ஏற்காது என்பது அவர்களுக்குப் பழக்கமான விதி.

விற்பனையாளர் நூலைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். பிரதி சேதமில்லாமல் வந்தது, தலைப்பும் பக்க எண்ணிக்கையும் விளம்பரத்தில் சொன்னபடியே இருக்கின்றன என்பது அவரது பதில். பதிப்பகத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

எங்கள் பட்டியலில் அந்த மூன்று தொகுப்பாசிரியர்களின் பெயரை வைத்துத் தேடியது நல்ல பலன் தந்தது. தட்டான்பூச்சிகள், சமாதான உடன்படிக்கைகள், சதுரங்கத் திறப்பாட்டங்கள் என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத தலைப்புகளில் அதே மூவரின் பெயரில் நூல்கள் கிடைத்தன. ஒரே மூவர் இத்தனை துறைகளில் அறிஞர்களாக இருக்க முடியாது. அவற்றுக்கும் அதே குறிப்பைச் சேர்த்தோம். அவற்றில் ஒன்று, ஏற்கெனவே பட்டம் வழங்கப்பட்ட ஒரு ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலில் இடம்பெற்றிருந்தது. சமர்ப்பித்து ஏற்கப்பட்ட ஆய்வேட்டில் நூலகம் கை வைக்க முடியாது. துறைத் தலைவருக்கு எழுத்து மூலம் தெரிவித்தோம், அவ்வளவுதான் எங்கள் எல்லை.

மாணவியின் இயல் முன்பைவிடச் சுருங்கியது, சமர்ப்பிக்கும் நாளும் தள்ளிப் போனது. புதிய வடிவில் ஒவ்வொரு அடிக்குறிப்பையும் அவரால் திறந்து காட்ட முடிகிறது.

இனி மாற வேண்டியவை

கொள்முதல் விண்ணப்பப் படிவத்தில் இப்போது இரண்டு கேள்விகள் சேர்ந்துள்ளன. தொகுப்பாசிரியர் இந்தத் துறையில் வேறு என்ன எழுதியிருக்கிறார், நூலின் மாதிரிப் பக்கங்களில் துணைநூற்பட்டியல் இருக்கிறதா என்பவை அவை. மாதிரிப் பக்கம் கிடைத்தால், அதிலிருந்து ஒரு நீண்ட வாக்கியத்தை எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டு இணையத்தில் தேடிப் பார்க்கும்படி பணியாளர்களிடம் சொல்லியிருக்கிறோம். இந்த ஒரு தேடலே பெரும்பாலான தொகுப்புகளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஐஎஸ்பிஎன் பற்றி முதலாண்டு ஆய்வு மாணவர்களுக்கான அறிமுக வகுப்பில் தனியாகச் சொல்கிறோம். அந்த 13 இலக்க எண் ஒரு நூலை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதற்கானது. உள்ளடக்கத்தை யாரும் படித்துப் பார்த்து அந்த எண்ணைத் தருவதில்லை. அதே வகுப்பில் கலைக்களஞ்சியக் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து படிக்கவும், குறிப்பிட்ட பதிப்பின் நிலையான இணைப்பை எடுக்கவும் பயிற்சி தருகிறோம். இணையத்தைத் தொடாதே என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் இது எனக்கு முக்கியமான மாற்றமாகப் படுகிறது. இந்த நிகழ்வில் தவறு எங்கே பிறந்தது என்பதைக் காட்டியது அந்த இணையப் பக்கம்தான். அச்சு நூலால் அதைக் காட்டியிருக்கவே முடியாது.

தீராமல் நிற்பது மின்னூல் தொகுப்புகள். அவை ஆயிரக்கணக்கான தலைப்புகளாக ஒரே ஒப்பந்தத்தில் நூலகத்துக்கு வருகின்றன, பட்டியல் பதிவுகளும் தயாராகவே கூட வருகின்றன. ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க ஆள் பலம் இல்லை. இப்போதைக்கு, எங்களுக்குத் தெரியவந்த தொகுப்பாசிரியர் பெயர்களின் பட்டியலை வைத்து, புதிய தொகுப்பு வரும்போதெல்லாம் ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்க்கிறோம். பெயரை மாற்றிக்கொண்டு வரும் நூல்கள் இதில் சிக்காது. அவற்றை எப்படிப் பிடிப்பது என்று பக்கத்து நூலகங்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.